உருவமும் மேற்பரப்பும்: இலக்கமுறைச் சிற்பத்தில் படிம இழையமைப்புப் பற்றிய ஒரு விளக்கம்

சிற்பக்கலை பற்றிய எமது ஆய்வுகள் பெரும்பாலும் உருவத்தையே முதன்மைப்படுத்தி வந்துள்ளன. அளவுப் பிரமாணம், நிலை, முத்திரை, முகபாவம் என்பனவே அவற்றின் பேசுபொருள்கள். மேற்பரப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. கல்லில் வேலை செய்யும் சிற்பிக்கு உருவமும் மேற்பரப்பும் ஒரே செயலின் இரு விளைவுகளாகும். உளி எங்கே நிற்கின்றதோ அங்கே உருவமும் முடிகின்றது, மேற்பரப்பும் தொடங்குகின்றது. கல்லின் நிறமும் மணியும் வரியும் கல்லோடு பிறந்தவை. சிற்பி அவற்றைத் தேடிச் சேர்க்கவேண்டியதில்லை.

கணினியின் துணைகொண்டு வடிக்கப்படும் இலக்கமுறைச் சிற்பத்தில் இவ்விணைப்பு அறுந்துவிடுகின்றது. அங்கே உருவம் உண்டு, கல் இல்லை. வளைவும் விளிம்பும் உண்டு. நிறமோ சொரசொரப்போ ஈரமோ இல்லை. இவையனைத்தையும் வெளியிலிருந்து கொணர்ந்து உருவத்தின்மீது ஏற்றவேண்டும். பெரும்பாலும் இவை படங்களாகவே கொணரப்படுகின்றன. இவ்வாறு ஓர் உருவத்தின் மேற்பரப்பிற் பொருத்தப்படும் படத்தையே இத்துறையினர் 'ரெக்ஸ்சர்' என்பர். நாம் இதனைப் படிம இழையமைப்பு எனக் குறிப்பிடுவோம்.

படத்தை உருவத்தின்மீது ஏற்றுவது அலங்காரம் சார்ந்த ஓர் இறுதிக் காரியம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இவ்வெண்ணம் பொருந்தாது என்பதே எமது கருத்து. படத்தின் எப்புள்ளி உருவத்தின் எவ்விடத்தில் அமர்கின்றது, அப்புள்ளி உருவத்தைப் பற்றி என்ன கூறுகின்றது, அது எங்கிருந்து வந்தது ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே இச்செயல் பொருளுடையதாகும். விடை காணாது ஏற்றப்படும் படம் பார்ப்பவரை மயக்கும்; அறிவைத் தராது. அருங்கலைப் பொருள்களின் முப்பரிமாணப் பிரதிகள் உலகெங்கும் உருவாக்கப்பட்டுவரும் இக்காலத்தில் இவ்வேறுபாடு முக்கியமானதாகும்.

1. வலையும் நிறமும்

இலக்கமுறைச் சிற்ப மென்பொருளிற் காணப்படும் உருவம், பல்கோணிகளால் ஆன ஒரு வலையாகும். வலையின் ஒவ்வோர் உச்சிக்கும் வெளியில் மூன்று ஆள்கூறுகள் உண்டு. சிற்பி பேனா போன்ற ஒரு கருவியால் இவ்வுச்சிகளை அமுக்கியும் இழுத்தும் வழித்தும் உருவத்தை வனைகிறார். நுணுக்கம் வேண்டுமிடத்து வலை பகுக்கப்படும். ஒருமுறை பகுக்கும்போது ஒவ்வொரு நாற்கோணியும் நான்காகின்றது. 10,000 நாற்கோணிகளுடன் தொடங்கும் ஓர் உருவம் ஆறுமுறை பகுக்கப்பட்டதும் 40,960,000 நாற்கோணிகளைக் கொண்டதாகிவிடும். தோலின் துவாரங்களையும் உதட்டின் வெடிப்புகளையும் தனித்தனியே செதுக்கக்கூடிய நிலை இவ்வாறே ஏற்படுகின்றது.

இத்துறையிற் பெரிதும் பயன்படும் இசட்பிரஷ் என்னும் மென்பொருள் 1999 இல் அறிமுகமாயிற்று. சாதாரணப் படத்திலுள்ள பிக்சல் நிறத்தை மட்டுமே கொண்டிருக்கும். இம்மென்பொருளோ நிறத்துடன் ஆழத்தையும் பொருளின் தன்மையையும் ஒரே புள்ளியிற் பதிவுசெய்தது. நிறமும் ஆழமும் ஒரே தூரிகையின் வேலைகளாகக் கருதப்பட்டன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பின்னர் மட்பொக்ஸ், பிளெண்டர் முதலியனவும் இத்தகைய வசதிகளைத் தந்தன.

வலைக்கு நிறம் ஊட்ட இரு வழிகள் உண்டு. முதலாவது, ஒவ்வோர் உச்சிக்கும் ஒரு நிறத்தை நேரே கொடுத்தல். இசட்பிரஷில் இது பொலிபெயின்ற் எனப்படும். இம்முறையில் உருவத்தின்மீது நேரே தீட்டலாம்; வேறு ஆயத்தம் வேண்டியதில்லை. ஆயின் நிறத்தின் நுணுக்கம் உச்சிகளின் தொகையைச் சார்ந்தே நிற்கும். வலை ஐதானால் ஓவியமும் மங்கிவிடும். இரண்டாவது வழி, நிறத்தைத் தனியே ஒரு படத்தில் வைத்து, வலையின் ஒவ்வோர் இடமும் படத்தின் எவ்விடத்தைப் பார்க்கவேண்டுமெனக் குறித்துவிடுதல். 4096 பிக்சல் அகலமும் அதேயளவு உயரமும் கொண்ட ஒரு படத்தில் 16,777,216 பிக்சல்கள் உள்ளன. ஐதான வலையொன்றின்மீதும் இத்தனை நிறப் புள்ளிகளை இதனால் ஏற்றமுடிகின்றது. திரைப்படத்திலும் கணினி விளையாட்டிலும் கனதியான வலையை அசைப்பது கடினமாகையால் இவ்விரண்டாவது வழியே நிலைபெற்றது.

இதன் தோற்றுவாய் 1974 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்காவின் யூற்றாப் பல்கலைக்கழகத்தில் எட்வின் கட்மல் வளைந்த மேற்பரப்புகளைக் கணினித் திரையிற் காட்டுவது பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். வளைந்த பரப்பொன்றின் ஒவ்வோர் இடத்தையும் இரண்டு எண்களாற் குறிக்கலாமெனின், அவ்விரு எண்களையும் கொண்டே ஒரு படத்திலிருந்து நிறத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட வழி. 1976 இல் ஜேம்ஸ் பிளின், மாட்டின் நியூவெல் ஆகிய இருவரும் இதனை விரித்து, சூழலின் படத்தைக் கொண்டு பளபளப்பான பொருளில் ஒளித்தெறிப்பைக் காட்டினர். இன்றைய மென்பொருள்கள் எத்துணை விரிவடைந்திருப்பினும் இவ்வடிப்படையிலிருந்து அவை விலகிவிடவில்லை.

2. தட்டையான படமும் வளைந்த பரப்பும்

முதலாவது வினாவுக்கு வருவோம். படம் தட்டையானது, உருவம் வளைந்தது. ஒன்றை மற்றொன்றின்மீது எவ்வாறு படியவைப்பது?

புவியியல் பயின்றோர்க்கு இவ்வினா புதியதன்று. நிலவுருண்டையைத் தாளில் வரைய முனைந்த நாள் முதலாக எறியங்கள் பற்றிய சிக்கல் இருந்துவருகின்றது. 1569 இல் மேர்க்கேற்றர் வெளியிட்ட உலகப்படம் மாலுமிகளுக்குத் திசையைச் சரியாகக் காட்டிற்று; பரப்பளவை அது சிதைத்தது. அவ்வகைப் படத்தில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்கு ஒப்பாகத் தோன்றும். உண்மையில் ஆபிரிக்கா ஏறத்தாழப் பதினான்கு மடங்கு பெரியது. இத்தகைய சிதைவை எந்தச் சாமர்த்தியத்தாலும் முற்றாக நீக்கமுடியாது என்பதற்கான கணித அடிப்படையை 1827 இல் கவுஸ் நிறுவினார். உருளையை வெட்டித் தட்டையாக விரிக்கலாம். கோளத்தை நீட்டாமலோ சுருக்காமலோ விரிக்க முடியாது. மனித முகமோ கோளத்திலும் சிக்கலானது.

எனவே மென்பொருள் தருவது தீர்வுகளையன்று, தெரிவுகளையே. மிக எளிய தெரிவு, திரையில் ஒளிப்படம் விழுவதுபோலப் படத்தை ஒரு திசையிலிருந்து உருவத்தின்மீது எறிதலாகும். படத்துக்கு நேரே நிற்கும் பகுதியில் இது செம்மையாக அமையும். பரப்புச் சரியச்சரியப் படம் இழுபடும். 60 பாகை சரிந்த பரப்பிற் படம் இரு மடங்கு நீளும். 80 பாகையில் ஏறத்தாழ ஆறு மடங்கு நீளும். முன்புறமிருந்து எடுத்த முகப் புகைப்படத்தை ஒரு தலையுருவத்தின்மீது எறிந்தால் மூக்கும் நெற்றியும் சரியாக இருக்க, கன்னத்தின் ஓரமும் காதும் கோடுகோடாக இழுபடுவது இதனாலேயே. இக்குறையைத் தவிர்க்கப் பல திசைகளிலிருந்து படங்களை எறிந்து, ஒவ்வோரிடத்திலும் மிக நேராக நிற்கும் படத்தையே ஏற்கும் முறைகள் கையாளப்படுகின்றன. இசட்பிரஷிலுள்ள ஸ்பொட்லைற் என்னும் வசதியில், புகைப்படத்தை உருவத்துக்கு முன்னே நிறுத்தி, வேண்டிய பகுதியை மட்டும் தூரிகையால் உருவத்துக்கு மாற்றலாம். உருவத்தைத் திருப்புவதும் படத்தை மாற்றுவதும் மீண்டும் தீட்டுவதுமாக வேலை செல்லும்.

மற்றொரு தெரிவு, வலையைச் சில கோடுகள் வழியே வெட்டித் தட்டையாக விரித்தலாகும். தையற்காரர் செய்வதற்கு எதிர்மாறான வேலை இது. அவர் தட்டையான துணியை வெட்டி மூட்டி உடலுக்குரிய வளைவைப் பெறுகிறார். இங்கே வளைந்த உடல் வெட்டப்பட்டுத் துணித்துண்டுகளாகின்றது. விரிந்த துண்டுகளில் ஒவ்வோர் உச்சிக்கும் இரண்டு ஆள்கூறுகள் கிடைக்கும். வெளியிலுள்ள ஆள்கூறுகளுக்கு எக்ஸ், வை, இசெட் என்னும் எழுத்துகள் செலவாகிவிட்டமையால் இவற்றை யூ, வீ என வழங்குவர். வெட்டுக் குறைந்தால் சிதைவு கூடும். சிதைவைக் குறைக்க முனைந்தால் வெட்டுக் கூடும். ஆதலால் காதின் பின்புறம், மயிரோரம், கையின் உட்புறம் முதலிய மறைவிடங்களில் வெட்டை வைப்பதே வழக்கம். வேலை சரியா என்று அறிய, முதலிற் சதுரங்கப் பலகை போன்ற கட்டப்படம் ஒன்றை ஏற்றிப் பார்ப்பர். கட்டங்கள் எங்கும் சமனான சதுரங்களாயின் விரிப்பு நன்று. நீண்டும் குறுகியும் தோன்றின் மீண்டும் வெட்டவேண்டும்.

தொடக்கநிலையினர் தடுமாறும் சில நடைமுறைச் செய்திகளையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். துண்டுகளின் ஓரத்தோடு நிறம் நின்றுவிட்டால், தூரத்திலிருந்து பார்க்கும்போது மூட்டுகளில் வெளிறிய கோடு தோன்றும். இதனைத் தவிர்க்க ஒவ்வொரு துண்டின் நிறத்தையும் ஓரத்துக்கு அப்பாற் சில பிக்சல் அளவுக்கு நீட்டிவைப்பர். இசட்பிரஷிலிருந்து பிற மென்பொருளுக்குப் படத்தை மாற்றும்போது அது மேல்கீழாகிவிடுவதுண்டு. படத்தின் தொடக்கப் புள்ளி மேலேயா கீழேயா என்பதில் மென்பொருள்கள் வேறுபடுவதே காரணம். படத்தை நிலைக்குத்தாகத் திருப்பிச் சேமித்தால் இது சரியாகிவிடும். வெட்டி விரிக்கும் தொல்லையையே ஒழிக்கும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. 2008 இல் டிஸ்னி நிறுவனத்தார் ஒவ்வொரு நாற்கோணிக்கும் தனித்தனிச் சிறுபடம் வழங்கும் ஒரு முறையை வெளியிட்டு, அவ்வாண்டில் வெளிவந்த 'போல்ற்' திரைப்படத்திற் கையாண்டனர்.

3. படம் என்ன கூறுகின்றது?

இரண்டாவது வினா இதனினும் ஆழமானது. படத்தின் ஒரு பிக்சல் என்பது கணினிக்கு ஓர் எண் மட்டுமே. அவ்வெண் நிறத்தைக் குறிக்கலாம், உயரத்தைக் குறிக்கலாம், பரப்பு நோக்கும் திசையைக் குறிக்கலாம், சொரசொரப்பின் அளவைக் குறிக்கலாம். எதனைக் குறிக்கின்றது என்பதைப் படம் தானே சொல்லாது, பயன்படுத்துபவரே சொல்லவேண்டும்.

1978 இல் ஜேம்ஸ் பிளின் சுருக்கங்கள் கொண்ட மேற்பரப்புகளைக் காட்டும் முறையொன்றை வெளியிட்டார். உருவத்தை அவர் தொடவில்லை. பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் செவ்வனை மட்டும் ஒரு படத்தின் துணையால் இங்குமங்கும் சாய்த்தார். ஒளி பரப்பிற் பட்டுத் தெறிப்பது செவ்வனைச் சார்ந்திருப்பதால், தட்டையான பரப்பும் மேடுபள்ளமாகத் தோன்றிற்று. ஆயின் இத்தகைய தோடம்பழத்தின் தோல் குழிகுழியாகத் தெரிந்தாலும் அதன் விளிம்பு வழுவழுப்பாகவே இருக்கும். 1984 இல் றொபேட் குக் மேற்பரப்பையே இடம்பெயரச் செய்யும் முறையை முன்வைத்தார். அங்கே விளிம்பும் மேடுபள்ளமாகும், நிழலும் விழும். முன்னையது தோற்றத்தை மாற்றுகின்றது, பின்னையது உருவத்தை மாற்றுகின்றது.

இலக்கமுறைச் சிற்பி இவ்விரண்டையும் நாள்தோறும் பயன்படுத்துகின்றார். சாம்பல் நிறப் படமொன்றைத் தூரிகையின் முனையில் வைத்து முத்திரை குத்துவதுபோல அழுத்தினால், வெண்மையான இடம் மேடாகவும் கருமையான இடம் பள்ளமாகவும் வலை இடம்பெயரும். முதலைத் தோலும் மரப்பட்டையும் இவ்வாறே பெறப்படுகின்றன. படத்திலுள்ள எண்களின் நுணுக்கம் இங்கே முக்கியமாகின்றது. 8 பிற்றுப் படத்திற் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 256 படிகளே உள்ளன. 20 மில்லிமீற்றர் உயர வேறுபாட்டை 256 படிகளாகப் பகுத்தால் ஒரு படி ஏறத்தாழ 0.08 மில்லிமீற்றர் ஆகும். வழுவழுப்பாகச் சரியவேண்டிய கன்னம் வயல் வரம்புபோலப் படிபடியாகத் தெரியும். 16 பிற்றுப் படத்தில் 65,536 படிகள் உண்டு. அதில் இக்குறை தோன்றாது. நிறப்படத்தைக் கண்ணுக்கு இசையத் திருத்தும் கணிப்பை உயரப்படத்தின்மீதும் செய்துவிட்டால் உயரங்கள் அனைத்தும் பிழைத்துவிடும்.

பரவலாகக் காணப்படும் ஒரு தவறு இவ்விடத்து ஆராயத்தக்கது. ஒரு முகத்தின் புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதனையே உயரப்படமாகக் கொண்டு தோலைச் செதுக்குவோர் பலர். புகைப்படத்தின் கருமை பள்ளம் என்று கொள்ளப்படுகின்றது. சில வேளைகளில் அது பள்ளமாகவும் இருக்கலாம். ஆனால் கரிய மச்சமும் கருமையாகவே இருக்கும். அதனை இம்முறை குழியாக்கிவிடும். எண்ணெய் பூசிய நெற்றியில் ஒளிபட்டு மின்னும் இடம் வெண்மையாகையால் அங்கே மேடொன்று எழும். நரைத்த புருவம் உயர்ந்து நிற்க, கறுத்த புருவம் அமிழ்ந்துபோகும். நிறம், ஒளி, உயரம் ஆகிய மூன்று வேறுபட்ட காரணங்களால் விளைந்த ஒரே கருமையை ஒரே காரணத்தின் விளைவாகக் கொண்டமையே இப்பிழையின் வேர்.

4. புகைப்படத்தில் ஒட்டிய ஒளி

புகைப்படம் பொருளின் நிறத்தைத் தருவதில்லை. பொருளின் நிறமும் அவ்வேளை அதன்மீது விழுந்த ஒளியும் கலந்த விளைவையே அது தருகின்றது. சாளரத்தின் இடப்புறமிருந்து ஒளி விழுந்தபோது எடுத்த படத்தை ஒரு சிற்பத்தின்மீது ஏற்றுவோம். பின்னர் மென்பொருளில் வலப்புறமிருந்து ஒளியைப் பாய்ச்சுவோம். மூக்கின் வலப்புறத்தே படத்தோடு வந்த பழைய நிழல், புதிய ஒளியிலும் அகலாது நிற்கும். உருவம் ஒரு சூழலில் நிற்க, அதன் தோல் வேறொரு சூழலில் நிற்பதாகிவிடும்.

இதனை எதிர்கொண்ட முறைக்கு அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் மார்க் லெவோயின் தலைமையில் மேற்கொண்ட மைக்கலாஞ்சலோத் திட்டம் தக்க சான்றாகும். 1999 இல் இக்குழுவினர் புளோரன்ஸ் நகரிலுள்ள தாவீது சிலையைச் சீரொளிக்கதிரால் அளந்தனர். கால் மில்லிமீற்றர் இடைவெளியில் அளவுகள் எடுக்கப்பட்டன; இருநூறு கோடி பல்கோணிகளும் ஏறத்தாழ 7,000 நிறப்படங்களும் பெறப்பட்டன. நிறத்தைப் பதிவுசெய்யும்போது தமது விளக்கை ஏற்றி ஒரு படமும் அணைத்து ஒரு படமும் எடுத்தனர். முன்னையதிலிருந்து பின்னையதைக் கழித்தபோது, மண்டபத்தின் ஒளி நீங்கி, தாம் அளந்தறிந்த விளக்கின் ஒளி மட்டும் எஞ்சிற்று. அவ்வொளியின் தூரமும் கோணமும் தெரிந்தமையால் அதனையும் கணித்து நீக்கிச் சலவைக்கல்லின் சொந்த நிறத்தை நெருங்க முடிந்தது.

எமது இலக்கியத் திறனாய்வில் இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் இடையே வேறுபாடு காண்பது நெடுநாள் வழக்கு. கண்ணிற் பட்டதையெல்லாம் அப்படியே பதிவுசெய்வது ஒன்று. பட்டதன் பின்னாலுள்ள காரணங்களைப் பகுத்துணர்ந்து காட்டுவது மற்றொன்று. புகைப்படத்தை அப்படியே ஒட்டுபவர் முன்னையதையே செய்கின்றார். எது தோலின் நிறம், எது ஒளியின் வேலை, எது மேடு, எது ஈரம் எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய படத்தில் வைப்பவரே பின்னையதைச் செய்கின்றார். அவருடைய உருவம் எந்த ஒளியில் நிறுத்தப்பட்டாலும் பொய்க்காது. தொழில்நுட்பத்தில் இது வெறும் ஒழுங்கு; கலைநோக்கில் இது ஒரு நிலைப்பாடு.

5. அரசியின் இடக்கண்

மேற்கூறியவை அனைத்தும் ஒன்றுகூடும் இடமாகப் பெர்லின் நகரத்து நூதனசாலையில் உள்ள எகிப்திய அரசி நெபர்த்தீத்தியின் மார்பளவுச் சிலையைக் கொள்ளலாம். 1912 டிசெம்பரில் அமார்னாவிலே சிற்பி துத்மோசின் பட்டறை இருந்த இடத்தில் லூட்விக் போர்க்காட்டின் தலைமையிலான ஜேர்மானிய அகழ்வுக் குழுவினர் இதனைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழ அரை மீற்றர் உயரமான இச்சிலை கி.மு. பதினான்காம் நூற்றாண்டுக்குரியது. இது தனிக் கல்லால் ஆனதன்று. உள்ளே சுண்ணாம்புக்கல், அதன்மேற் சாந்துப் பூச்சு, அதன்மேல் நிறம். உருவத்தின்மீது இழையமைப்பை ஏற்றும் எண்ணம் கணினியோடு பிறந்ததன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2009 இல் இச்சிலையை ஊடுகதிர்க் கணினி வரைவியாற் பரிசோதித்ததன் முடிவுகள் வெளியாயின. உள்ளிருக்கும் சுண்ணாம்புக்கல்லிலும் ஒரு முழுமையான முகம் செதுக்கப்பட்டிருந்தமை புலனாயிற்று. அம்முகத்தில் வாயோரத்தே சுருக்கங்களும் மூக்கில் ஒரு சிறு மேடும் இருந்தன. முகத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேற்படாத சாந்துப் பூச்சு அவற்றை மறைத்துவிட்டது. நாம் காணும் எழில்முகம் அம்மெல்லிய பூச்சின் விளைவாகும். முதுமையின் சுவடுகளைக் கொண்ட ஒரு பெண்ணின் முகத்தை அரசவையின் இலட்சிய முகமாக்கியது மேற்பரப்பே. வெளிப்புறத்தை மட்டும் அளக்கும் கருவி இதனைக் காணாது. அது கடைசிப் படலத்தை உண்மையெனக் கொண்டுவிடும்.

சிலையின் வலக்கண்ணில் பளிங்கு பதிக்கப்பட்டு, தேன்மெழுகின் துணையுடன் கருமணி அமைக்கப்பட்டுள்ளது. இடக்கண் வெறும் சுண்ணாம்புக்கல். அது விழுந்துவிட்டதா, தொடக்கத்திலிருந்தே பதிக்கப்படவில்லையா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பட்டறையில் மாதிரியாக வைக்கப்பட்ட சிலையாகையால் மறுகண் வேண்டப்படவில்லை என்று வாதிடுவோரும் உளர். ஆகவே அவ்வெறுங்கண் ஒரு குறை மட்டுமன்று, ஒரு சான்றுமாகும்.

இச்சிலையின் பிரதியொன்று சிற்ப மென்பொருளில் திறக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இடம்வலம் ஒத்து வேலை செய்யும் சமச்சீர் வசதி இம்மென்பொருள்களிற் சாதாரணம். வலக்கண்ணின் உருவத்தையும் அதன் படத்தையும் இடப்புறத்துக்கு மாற்றுவதற்குச் சில விநாடிகள் போதும். பின்னர் அவ்விடத்திற் கைபட்டது என்பதற்கு எத்தகைய அடையாளமும் இராது. மூட்டுக்கோடு காதின் பின்னே மறைந்திருக்கும், நிறம் இசைந்திருக்கும். மூவாயிரம் ஆண்டுகளாக வெறுமையாக இருந்த கண் நிறைந்துவிடும். ஒரு பட்டறையின் வேலைமுறை பற்றிய வினாவும் அதனோடு அழிந்துவிடும். கல்லில் செய்யும் திருத்தம் தன் வடுவை விட்டுச் செல்லும். படத்தில் செய்யும் திருத்தத்துக்கு வடுவில்லை. எமது அக்கறையின் மையம் இதுவே.

6. தோல் யாருடையது?

மூன்றாவது வினா மூலத்தைப் பற்றியது. அது உடைமை பற்றியதுமாகும். நெபர்த்தீத்தியின் சிலையைத் திருப்பித் தருமாறு எகிப்து நீண்டகாலமாகக் கோரிவருகின்றது. இலக்கமுறைக் காலத்தில் இவ்வினாவுக்கு இன்னொரு கிளை முளைத்தது. சிலை பெர்லினில் இருப்பினும், அதன் அளவுகளும் நிறப்படங்களும் யாருக்குரியவை? நூதனசாலையின் பொறுப்பிலிருந்த முழுநிற முப்பரிமாணப் பதிவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடவேண்டுமென்று அமெரிக்கக் கலைஞர் கொஸ்மோ வென்மன் பல ஆண்டுகள் வாதாடினார். ஈற்றில் அப்பதிவைப் பெற்று 2019 நவம்பரில் வெளியிட்டார். அப்பதிவிலே, உருவத்தின் தட்டையான அடிப்புறத்தில், வணிக நோக்கிற் பயன்படுத்தலாகாது என்னும் உரிமக் குறிப்புப் பொறிக்கப்பட்டிருந்தது. துத்மோசின் பட்டறையிற் பூசப்பட்ட நிறத்தின்மீது இருபத்தோராம் நூற்றாண்டின் நிறுவனமொன்று தன் நிபந்தனையை எழுதிவைத்தது. தாவீது சிலையின் பதிவுகளும் எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கனவாக விடப்படவில்லை. இத்தாலிய அதிகாரிகளின் நிபந்தனைக்கமைய ஆய்வாளர்க்கே அவை வழங்கப்பட்டன.

கருவிகளின் உடைமையும் இதனோடு தொடர்புடையது. வேலைசெய்யும் கோப்பு எம்மிடமிருந்தும் அதனைத் திறக்கும் மென்பொருள் பிறரது விலைக்கும் விருப்புக்கும் உட்பட்டதாயின், கோப்பின்மீது எமக்குள்ள உரிமை அரைகுறையானதே. இசட்பிரஷ் அதனை ஆக்கிய பிக்சோலொஜிக் நிறுவனத்திடமிருந்து 2022 தொடக்கத்தில் மக்சொன் நிறுவனத்துக்குக் கைமாறியது. இதற்கு மாறாக, பிளெண்டர் 2002 இல் பொதுமக்கள் ஏழு வாரங்களிற் சேர்த்த ஒரு லட்சம் யூரோவினால் மீட்கப்பட்டு, எவரும் பெறவும் ஆராயவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக்கப்பட்டது. வசதி குறைந்த நாடுகளின் மாணவர்க்கு இதன் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. வலையின்மீது தீட்டுதல், வெட்டி விரித்தல், படத்தால் இடம்பெயர்த்தல் ஆகிய அனைத்தையும் அதிற் கற்கலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், படிம இழையமைப்பு உருவத்துக்கு இடும் போர்வையன்று, உருவத்தைப் பற்றிய ஒரு கூற்று என்பது பெறப்படும். கூற்றாயின் அது மெய்யோ பொய்யோ ஆகலாம். ஆதலாற் சான்றும் வேண்டும். இதனை உணர்ந்தே, பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியாற் காட்சிப்படுத்துவோர் கடைப்பிடிக்கவேண்டிய நெறிகளை வகுத்து 2006 இல் இலண்டன் பட்டயம் உருவாக்கப்பட்டது. 2009 இல் அது திருத்தப்பட்டது. ஒரு காட்சிப்படுத்தலிற் சான்று எது, ஊகம் எது என்பதும், முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதும் பார்ப்பவர்க்கு விளங்கவேண்டும் என்பது அதன் சாரம்.

இதனை நடைமுறைப்படுத்தப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மூலப் புகைப்படங்களைத் திருத்தாது பேணுதல், அவை எந்த ஒளியில் எடுக்கப்பட்டன எனக் குறித்துவைத்தல், நிறம், உயரம், சொரசொரப்பு ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக வைத்தல் என்பன எந்த மாணவராலும் செய்யத்தக்கன. இவற்றுக்கு மேலாக, கையால் நிரப்பப்பட்ட இடங்களை மட்டும் வெண்மையாகக் காட்டும் ஒரு படத்தை ஒவ்வோர் உருவத்துடனும் சேர்த்துவைக்கலாம். ஒரே ஆள்கூறுகளில் அமர்வதால், வேண்டும்போது அதனை ஏற்றி, எது கிடைத்தது, எது சேர்க்கப்பட்டது என்பதை எவரும் கண்டுகொள்ளலாம். நெபர்த்தீத்தியின் இடக்கண்ணை நிரப்ப விரும்புவோர் நிரப்பட்டும். ஆனால் அவ்விடம் முன்னர் வெறுமையாக இருந்தது என்பதை அச்சிலையின் தோலே சொல்லவேண்டும்.